ஒட்டகப் பாடம்

“…நல்லாத்தானுங்க வாசிக்குது புள்ள! இதுக்குப் போயி எதுக்குங்கம்மா இப்படிப் பயந்துட்டு வந்தீங்க?” என்றார் தலைமையாசிரியர். எதிரே நின்ற அம்மாவிடம் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

வாசித்தது என் அக்கா. அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. இரண்டு பேரையும் ஆறாம் வகுப்பில் சேர்க்க அம்மா கீழ்க் கோத்தகிரி எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள்.

அக்காவுக்கு எழுத்து மனதில் நிற்காது. காலையில் பழகிய ‘க’ சாயங்காலம் அவளுக்கு அறிமுகமில்லாத ஆளாகிவிடும். “அவ மெதுவா வருவா, ஆனா வந்துருவா” என்பார் எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர். யார் கேட்டாலும் அதையேதான் சொல்வார். தங்கை கூட இருந்தால் கைபிடித்து அழைத்துப் போவாள் என்று, நான் வந்து சேரும்வரை அவளை ஐந்தாம் வகுப்பிலேயே இருத்திக்கொண்டார். அதே டீச்சர்தான், இந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவை என்று நல்ல மனதோடு ஒரு தாள் எழுதி டீசியோடு சேர்த்துத் தைத்தார். அந்தத் தாளே எங்களுக்கு வினையாயிற்று.

ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கப் போனபோது கிளார்க் அதைப் படித்துவிட்டு, “இந்த மாதிரி புள்ளைகளுக்குன்னு கோயமுத்தூர்ல தனி ஸ்கூல் இருக்குதுங்க, ஹாஸ்டலோட. இங்க சேர்த்துட்டு ரிசல்ட்டுக்கு யாரு பதில் சொல்றதாம்?” என்றார். தலைமையாசிரியர்தான் குறுக்கே வந்து, ஸ்கூல் திறந்ததும் வரட்டும், ஒரு பாடம் வாசித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்.

தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் அது. ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதி ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட்டார்கள், அப்பாவும்தான். அக்காவோ அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கமாட்டாள். அவளைக் கோயமுத்தூரில் தனியாக விடுவது நடக்காத காரியம். இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி.

அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அதனால் சாயங்காலம் நான் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பேன், அம்மா கேட்டு மனப்பாடம் செய்வாள். மறுநாள் அக்காவைக் கூடவே மலைக்குக் கூட்டிப்போய், கொழுந்து பறித்துக்கொண்டே வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பாள். அவள் தேர்ந்தெடுத்தது ஒட்டகப் பாடம், சின்னது என்பதால். மே மாதம் முடிவதற்குள் பக்கத்து நிரைகளில் பறித்த பெண்களுக்கெல்லாம் அது பாடமாகிவிட்டது. “தண்ணி இல்லாம நாள்கணக்கா இருக்குமாமே! நம்ம கணக்கப்புள்ளையால டீ இல்லாம அரை மணி இருக்க ஏலுமாடி?” என்று ஒருத்தி கேட்க, அந்த மலையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவளை வைத்து யாரும் சிரிக்காத சிரிப்பு அது என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பாடம் என்றால் நாம் கொண்டுபோகிற பாடத்தைத்தான் கேட்பார்கள் என்று அம்மா நம்பியிருந்தாள். எங்கள் புத்தகத்தில் ஒட்டகம் வரும் பக்கத்தை மடித்தும் வைத்திருந்தாள். தலைமையாசிரியர் அதை வாங்கவே இல்லை. தன் மேசையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து அக்காவிடம் நீட்டினார். பெரிய ரயில் படம் போட்ட பக்கம்.

அக்கா ரயிலைப் பார்த்தாள். நான் பழக்கியிருந்தபடி முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தாள். “ஒட்டகம் பாலைவனத்தில் வாழும் விலங்கு” என்று தொடங்கி, விரலை ஓட்டிக்கொண்டே, ஓரிடத்திலும் தடுமாறாமல் கடைசிவரை சொன்னாள். அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. அப்போதுதான் தலைமையாசிரியர் அந்த “நல்லாத்தானுங்க வாசிக்குது” என்றார். சொல்லிக்கொண்டே சேர்க்கைப் பதிவேட்டை இழுத்து அக்காவின் பெயரை எழுதினார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

எங்கள் வகுப்பில் முதல் மாணவி நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மாதமாகப் புத்தகத்தைத் தூக்கி வாசித்தவள் நான், மெச்சுதல் அக்காவுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், அது ரயில் பாடங்க சார். அக்கா ஒட்டகப் பாடத்தை ஒப்பிக்குது. நான் வாசிச்சுக் காட்டட்டுங்களா?”

கிளார்க் எழுந்து வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார். “அப்பவே சொன்னேனுங்களே சார்” என்றார். அக்கா கையிலிருந்து நான் புத்தகத்தை வாங்கி ரயில் பாடத்தை வாசித்தேன். தலைமையாசிரியர் நிறுத்தச் சொல்லாததால் முழுப் பாடத்தையும் வாசித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் பஸ்ஸுக்கு ஓடியபோது அக்கா கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பின்னால் மலை ஏறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை காட்டினாள். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. திட்டுவாள் என்று நெடுநாள் காத்திருந்து, பிறகு மறந்தும் போனேன். ரயில் பக்கத்தைத் திறந்து கொடுத்தவரே தலைமையாசிரியர்தானே, அவருக்கா தெரியாமல் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதற்கு இருபது வருடம் ஆயிற்று.

அன்று வாசித்து முடித்ததும், கெட்டிக்காரி என்று சொல்வார் என அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கிளார்க்கிடம் ஸ்கேலை வாங்கி, மை காயாத அக்காவின் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். பிறகு அதற்கு அடுத்த வரியில் என் பெயரை எழுதினார்.