பாதி வார்த்தைக்கு, பாதி மெட்டுக்கு

எழுபதுகளின் கடைசியில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுவாரம், எங்கள் ஊர் மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் இளைஞர் மன்றத்துக்காரர்கள் ராக் பாட்டுப் போட்டி வைத்தார்கள். கிடார், டிரம்ஸ் எதுவும் இருக்கலாம். ஆனால் வார்த்தையும் மெட்டும் பாடுகிறவருடைய சொந்தமாக இருக்க வேண்டும். நடுவர்கள் நானும் என் கணவரும். நான் தமிழ் டீச்சர், வார்த்தைக்கு மார்க் போட வேண்டும். அவர் ரயில்வே வேலைக்கு வருமுன் மெட்ராஸில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர், மெட்டு அவர் பொறுப்பு. ஆளுக்குப் பாதி மார்க்.

அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்திருந்தார். கிடாரைத் தொட்டதும் சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். மேலே ஏறி, விழப் போகிறது என்று நினைக்கிற இடத்தில் இன்னும் மேலே போகிற மெட்டு. வார்த்தைதான் இல்லை. 'வாடி, ராவே' என்று பாதி தமிழும் பாதி தெலுங்குமாக எதையோ போட்டு நிரப்பியிருந்தார். நான் மிகக் குறைவாகப் போட்டேன்.

அப்புறம் மணவூரிலிருந்து ஒரு நர்சிங் மாணவி. வீட்டைவிட்டுப் போன அண்ணனுக்காக அப்பா தினமும் ஸ்டேஷனுக்குப் போவதைப் பற்றிப் பாடினாள்.

'எல்லாரும் இறங்கின பிறகும்
இன்னும் ஒருத்தர் பாக்கின்னு
பெட்டி பெட்டியா பார்க்கிறார் அப்பா.'

வார்த்தைக்கு நான் கிட்டத்தட்ட முழு மார்க்கும் போட்டேன். ஆனால் மெட்டு என்று ஒன்றும் இல்லை, பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. என் கணவர் உதட்டைப் பிதுக்கினார்.

கூட்டிப் பார்த்தபோது இரண்டு பேருமே பின்னால் போயிருந்தார்கள். நிலாவையும் காதலியையும் வைத்து, எங்கேயோ கேட்ட மாதிரி மெட்டில் பாடிய உள்ளூர்ப் பையனுக்கு முதல் பரிசு. அவனிடம் எங்கள் இருவருக்குமே குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

முடிவு சொன்ன பிறகு தறிக்காரர் எங்களிடம் வந்தார்.

"சார், என் பாட்டுல இன்னா குறைங்க?"

"மெட்டுல ஒண்ணும் இல்லப்பா. வார்த்தைதான் சரியில்ல."

"வார்த்தை எனக்கு வராதுங்க. யாராச்சும் எழுதிக் குடுத்தா போட்டுருவேன்."

அந்தப் பெண் அப்போது வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஏதோ தோன்ற ஆரம்பித்தது. அதற்குள் போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இறங்கி வந்தபோது அவள் ரயிலுக்கும் அவர் பஸ்ஸுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது இவர்தான் வாய் திறந்தார்.

"அந்தப் பொண்ணோட வார்த்தைய அந்தாளு மெட்டுல போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

"அதைத்தாங்க நானும் நினைச்சுகினு வரேன்" என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் ஆர்.கே.பேட்டை பஸ் பிடித்து, அம்மையார்குப்பம் போய் அவரைத் தேடினோம். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே அழைத்துவந்து நிறுத்தினார். இவர் விஷயத்தைச் சொன்னார். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

"கிடாரை எங்கக்கா வீட்டுக்காரரு, பாவாவோட ஃபிரெண்டுகிட்ட குடுத்துட்டேங்க. நீங்களே சரியில்லன்னு சொல்லிட்டீங்க, அப்புறம் இன்னாத்துக்கு அதை வெச்சிகினு?"

"மெட்டு ஞாபகம் இருக்குமேப்பா, அதைப் பாடிக் காட்டினாலும் போதும்."

"இல்லீங்க. பாடுனா மனசு கஷ்டமா கீது."

மோர் கொடுத்து, பஸ் வரும்வரை கூட நின்று ஏற்றிவிட்டார்.

மணவூரில் விசாரித்தபோது, அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்து போய்விட்டது என்றார்கள். வீட்டைவிட்டுப் போன பையன் வந்தானா என்று கேட்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் இவர் சாயங்காலங்களில் தன் பழைய கிடாரை எடுத்து, எனக்கு ஞாபகம் இருந்த அந்த வரிகளை நினைவிலிருந்த அந்த மெட்டில் பொருத்திப் பார்த்தார். ஏறுகிற இடம் மட்டும் இவருக்குப் பிடிபடவே இல்லை. "அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உட்காந்திருக்கணும்" என்று சொல்லி ஒருநாள் நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் யார் கூப்பிட்டும் நாங்கள் நடுவராகப் போகவில்லை.