மின்விசிறியை நிறுத்தும் கை

அழைப்பு மணி அடித்ததும் என் கை தானாக மின்விசிறியை நிறுத்தியது.

புனே பக்கத்துச் சிஞ்ச்வட் வீட்டில் அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு மேகா மணியடித்து, "கேளாயலா யேதேஸ் கா?" என்று விளையாடக் கூப்பிடுவாள். ஒருமுறை என் மராத்தியைக் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் சிரித்திருந்தார்கள். அதிலிருந்து, வீட்டில் ஆளில்லை என்று அவள் நினைக்கட்டும் என விசிறியை நிறுத்திவிடுவேன். அது அடங்கும்வரை கடகடக்கும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கழுத்தில் வியர்வை வழியும்.

"வெளியில போய் விளையாடினியாடி?" என்று அம்மா கேட்டால் தலையாட்டுவேன்.

ஒருநாள் மேகா வரவில்லை. பிறகு வரவே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

இப்போது மணி மறுபடியும் அடித்தது.

"அக்கா, வீட்ல இருக்கீங்களா?" கோயமுத்தூரிலிருந்து எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். நல்ல தமிழ்.

சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், விசிறி அடங்கக் காத்திருந்தேன்.