மலையில் கேட்ட கடல்

1982ஆம் ஆண்டு ஏப்ரல் பத்தாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். பதுளைப் பக்கத்து மலையொன்றின் உச்சி. பனிமூட்டம், அதற்குள் ஊசித் தூறல். கையை நீட்டி விரல்களை எண்ணினேன். ஐந்தும் தெரிந்தன. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

என்னோடு நின்றவர் என் மனைவியின் அண்ணன். வயற்காரர். மூன்று பெண் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் அதுவரை சீதன வீடு கட்டி முடித்திருந்தார். மலையில் அவருக்கு ஆசை இல்லை. என்னைத் தனியே போகத் தங்கை விடமாட்டாள் என்பதற்காக வந்தவர்.

நான் கடலோரக் கல்முனையில் ஆசிரியர். பயணம், மலையேற்றம், துருவம், பாலைவனம் என்று அதுவரை முப்பத்தொரு புத்தகங்கள் வாசித்திருந்தேன். ஏறிய மலைகள் இதோடு நான்கு. அந்தப் புத்தகங்களில் இறந்தவர்களை ஒரு கொப்பியில் எண்ணி வைத்திருந்தேன்: நாற்பத்தாறு பேர். ஒருவன் விழுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வரிகள்தான். மூன்றாவது வரியில் மற்றவர்கள் தேநீர் கொதிக்க வைப்பார்கள். நானும் பிளேன்டீயில் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவேன்.

மலைக்கும் ஒரு புத்தகம் கொண்டுபோவேன். ஐந்நூறு அடி நடைக்கு ஒரு தரம் நின்று, ஒரு பக்கம் மச்சானுக்கு வாசித்துத் தமிழில் சொல்வேன்.

"ஒண்ட வெள்ளக்காரனுக்கு வயலும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. அதான் ஏறுறான்," என்பார் அவர்.

அன்று பாதை மேற்குப் பக்கமாக இறங்குகிறது என்பது எனக்கு நிச்சயம். மேற்கு எது என்பதுதான் தெரியவில்லை. அப்போது ஓர் இரைச்சல் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து வந்தது. எங்கள் ஊர்க் கடலேதான்.

எங்கள் கரையில் யாரும் திசை கேட்பதில்லை. கடல் கிழக்கு. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா, தொழுகைக்கு முகம் திருப்பும் மேற்கு. வயல் வாடிக் குடிசையிலும் சந்தையிலும் பிறந்த நாள் முதல் இப்படித்தான் நின்றிருக்கிறோம். கடலிலிருந்து இத்தனை மைல் தள்ளி, மேகத்துக்குள்ளே, வளர்ந்த மனிதர்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தச் சத்தத்துக்கு முதுகைத் திருப்பினோம். இருவரில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை.

"இஞ்சால கிப்லா," என்றார் மச்சான்.

"ஓம். அப்ப பாதையும் இஞ்சாலதான். நேரா நடப்பம் மச்சான். இருட்ட முதல் இறங்கணும். கீழ போய்த் தொழுவம்."

"மத்தியானத்து லுஹரும் கிடக்கு, அஸரும் கிடக்கு. தொழுதுட்டு நடப்பம். ஒண்ட பொத்தகத்துல தொழுகைக்கு நேரம் போடல்லயா?"

"சுணங்கும் மச்சான்."

"பிரயாணிதானே, சுருக்கித்தான் தொழுவிக்கப் போறன். ரெண்டும் ரெண்டும் நாலு ரக்அத். கதைக்காம நில்லு."

அவர் தன் சால்வையைப் புல்லின் மேல் விரித்து முன்னே நின்றார். நான் அரை அடி பின்னே, வலப்பக்கம். ஒரு ரக்அத்துக்கு இரண்டு முறை, நான்குக்கும் எட்டு முறை நெற்றியைத் தரையில் வைத்தோம். எட்டாவது முறை எழுந்து உட்கார்ந்தபோது பனி விலகி என் பிடரியில் சூடு பட்டது. தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் அஸர் நேரத்து வெயில் முகத்தில் அல்லவா பட வேண்டும்?

மச்சான் துஆவை முணுமுணுத்தபடியே எழுந்து சால்வையை எடுத்தார். அவரோடு அவருடைய நிழலும் எழுந்து முன்னால் நீண்டது. தோள் வரை இருந்தது. தலை இல்லை.

அவர் ஒரு காலை முன்னே வைத்தார். அவருடைய இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழுந்தோம்.

"விசரா ஒனக்கு? துஆ ஓதுற மனிசனப் புடிச்சி இழுக்கிறாய்!"

நான் பக்கத்தில் கிடந்த என் குடையை எடுத்து நீட்டிக் காட்டினேன். புல் சாய்ந்து மூடியிருந்த இடத்தைக் குடை நுனியால் விலக்கினேன். அங்கே தரை முடிந்திருந்தது. வெகு ஆழத்தில் தேயிலைச் செடிகள் பாசி படிந்தது போலத் தெரிந்தன.

மச்சான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"நேரா நடக்கத்தானே இருந்த?"

"ஓம்."

"தொழாமப் போவம் எண்டாய்."

"ஓம் மச்சான்."

சால்வையின் நுனி கிடந்த இடத்திலிருந்து விளிம்பு வரை குடையால் அளந்தேன். இரண்டடி நான்கு அங்குலம். எங்கள் நெற்றிகள் எட்டு முறையும் அதற்கு இப்பால்தான் பட்டிருந்தன. நடந்திருந்தால் மூன்றே காலடி. முப்பத்தொரு புத்தகங்கள் வாசித்தவன், மூன்று காலடியில் ஒரு மனிதனை அனுப்பியிருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன். சூரியன் எங்களுக்குப் பின்னால் நின்றது. அதன் கீழே யூக்கலிப்டஸ் மரங்கள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. கடலென்று நாங்கள் நம்பியது அவற்றின் இரைச்சலைத்தான்.

"மறுகா தொழணும்," என்றார் மச்சான். சூரியனைப் பார்த்து உட்கார்ந்தே தொழுதோம்.

வெளிச்சம் போவதற்குள் சரியான பக்கத்தால் இறங்கி, பதுளையில் தெரிந்த கடைக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை பஸ் நிலையத்தில் மச்சான் பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டார். இறங்கும் வழியெல்லாம் வளைவு, ஒரு பக்கம் பள்ளம்.

"மூணும் பொம்புளப் புள்ள மச்சான் எனக்கு," என்றார்.

நான் போய் ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். கல்முனை வரை, வளைவுகளில் ஆள் நடக்கும் வேகத்தில் மட்டும், மச்சான் முன் சீட்டில் என்று சொன்னேன். சாரதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னான். ஒரு கட்டு வெற்றிலைக்கும் பேரம் பேசுகிறவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. வழியில் ஒன்பது இடங்களில் மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னார், ஒன்பது தடவையும் நின்றோம். வீட்டில், பஸ் ஓடவில்லை என்று இருவரும் ஒரே பொய்யைச் சொன்னோம். சாரதிக்குக் கொடுத்தது எழுநூற்று இருபத்தைந்து ரூபாய், ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம்.