இஸ்ஸதீன் கடையின் நீலக் கிண்ணங்கள்

முள்ளியவளையில் மத்தேயுவுக்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. மாணவர்களின் பெற்றோருக்கு அவர் 'லாப் மத்தேயு', பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குடுவை கழுவி அடுக்குகிறவர். மற்றவர்களுக்கு அவர் 'நீலக் கிளாஸ்காரன்'. இரண்டாவது பெயரை அவர் முன்னால் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அவர் கோபித்திருக்கமாட்டார்.

கரையோரத்தில் பிறந்தவர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனார்கள். இவருக்குப் படகில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். அதனால்தான் கரையை விட்டு உள்ளே வந்து பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தார். மரியமலரைக் கட்டினார். பிள்ளைகள் இல்லை.

நீலக் கண்ணாடி அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு தவறினால். ஆய்வுகூடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கோபால்ற்று நீலக் கண்ணாடித் துண்டு இருந்தது. உப்பை நெருப்பில் காட்டினால் மஞ்சள் சுவாலை எழும். அந்த மஞ்சள் மற்ற நிறங்களை எல்லாம் மூடிவிடும். நீலக் கண்ணாடியால் பார்த்தால் மஞ்சள் மறைந்து, பின்னால் ஒளிந்திருக்கும் பொட்டாசியத்தின் ஊதா தெரியும். செய்முறைப் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது அந்தத் துண்டு மத்தேயுவின் கையிலிருந்து விழுந்து நொறுங்கியது.

"கொழும்பில இருந்து வர மாசக்கணக்காகும்" என்றார் இரசாயன ஆசிரியர் செல்வநாயகம். "எங்கையாவது ஒரு நீலப் போத்தலாவது பாருங்கோ, மத்தேயு."

மத்தேயு சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்குப் போனார். அங்கே இஸ்ஸதீன் பழைய இரும்பும் போத்தலும் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். தூசி படிந்த சாக்கு ஒன்றுக்குள்ளிருந்து இஸ்ஸதீன் ஒரு வைன் கிண்ணத்தை எடுத்துத் தந்தார். நீளக் கால், குறுகிய வாய். மத்தேயு அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். கடலோரத்தில் வளர்ந்தவர் அவர். கடலில் அப்படி ஒரு நீலத்தை அவர் கண்டதில்லை.

பரீட்சை அந்தக் கிண்ணத்தால் நடந்து முடிந்தது. கொழும்பிலிருந்து புதுத் துண்டு வந்ததும் கிண்ணம் மத்தேயுவின் அலுமாரிக்குப் போனது.

1990ஆம் ஆண்டுக்குள் பதினொரு கிண்ணங்கள் சேர்ந்துவிட்டன. எதற்கும் சோடி இல்லை. ஒன்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரின் பழைய பங்களாவைத் துப்புரவாக்கியபோது கிடைத்தது. இன்னொன்று ஒரு வீட்டில் கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. கிண்ணம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்ப்பார். வாயால் ஊதிச் செய்த பழைய கண்ணாடியில், குழாயிலிருந்து முறித்த இடம் சொரசொரப்பாக இருக்கும். அதை அவர் 'தொப்புள்' என்பார். தொப்புள் இருந்தால் கிழடு. பக்கத்தில் கோடு ஓடினால் மெசினில் வார்த்தது. பிறகு உப்பையும் நெருப்பையும் வைத்துப் பார்ப்பார். மஞ்சளை விழுங்காத நீலம் வெறும் சாயம்.

"வாயில ஒரு சொட்டு வைக்கிறேல்லை. பிறகேன் உங்களுக்குக் குடிக்கிற கிளாஸ்?" என்று மரியமலர் கேட்பாள்.

"பாக்கத்தான்" என்பார்.

இத்தனைக்கும் அவர் உண்மையில் ஆசைப்பட்டது அவரிடம் இல்லை. இஸ்ஸதீன் கடையின் மேல்தட்டில் அது இருந்தது. மூடியோடு ஒரு நீல வைன் குடுவை, அதைச் சுற்றி ஆறு கிண்ணங்கள். ஒரே கையால் செய்யப்பட்டவை. நிலம் அளக்க வந்து, பிறகு ஊர் விட்டுப் போன வெள்ளைக்காரச் சேவையர் ஒருவரிடம் இஸ்ஸதீனின் வாப்பா வாங்கியது. மது ஊற்றும் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று இஸ்ஸதீனின் மனைவி றாபியா சொல்லியிருந்ததால் அது கடையிலேயே நின்றது.

மாதம் ஒருமுறையாவது மத்தேயு கேட்பார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, உதை எப்ப தரப்போறீங்கள்?"

"உது விக்கிற சாமானில்லை, மத்தேயு. வாப்பா வைச்ச இடத்தில நிக்கட்டும். நீ வந்து பாத்திட்டுப் போ. பாக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையே."

கேட்பதும் மறுப்பதும் அவர்களுக்கிடையில் விளையாட்டுப்போல ஆகிவிட்டது. பிறகு றாபியா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள்ளிருந்து தேத்தண்ணீர் கொடுத்தனுப்புவாள். உள்ளே தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில், ஊரை ஆண்டுகொண்டிருந்த இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தண்ணீரூற்றுக்குள் போனது. முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்றது. வீடு, வயல், கடை, மாடு எல்லாம் விட்டுவிட்டு.

மத்தேயு செய்தி கேட்டு ஓடினார். கடை வாசலில் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. றாபியா கைக்குழந்தையோடு அதன் இழுவைப் பெட்டியில் ஏறியிருந்தாள். காலடியில் இரண்டு பைகள். இஸ்ஸதீன் கடைக்குள் நின்று எதையும் தொடாமல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தேயு வாசல்படியில் ஏறினார். "நானா" என்றார்.

அடுத்த வார்த்தையைத் தேடியபோது அவருடைய கண் தன்பாட்டில் மேல்தட்டுக்குப் போனது. ஒரு கணம்தான். திரும்பிப் பார்த்தபோது இஸ்ஸதீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு உழவு இயந்திரத்தில் ஏறினார்.

சில கிழமைகளில் விட்டுப்போன சாமான்களை இயக்கம் விற்பனைக்கு வைத்தது. வாங்கப் போனவர்கள் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள். மத்தேயு போனார். யாராவது வாங்கிக் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள், நான் எடுத்து வைத்தால் நானா திரும்பி வரும்போது கொடுக்கலாம் என்று வழி முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். குடுவையும் ஆறு கிண்ணமும் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. அதை வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியின் விலைக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்து அலுமாரியில் நடுத்தட்டை ஒதுக்கி வைத்தார். மரியமலர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு வாங்கினனீங்கள்?"

"நானாவுக்குத்தான். அவர் வரும்வரைக்கும்."

"அப்ப ஏன் எங்கட அலுமாரியில நடுவில வைக்கிறீங்கள்?"

அன்றைக்கு அவருக்கு இருந்தது சந்தோஷம். அதை அவர் பிறகு ஒருபோதும் மறைக்கவில்லை. எட்டு வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது கைக்கு வந்த சந்தோஷம். வெட்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது. அலுமாரியைத் திறந்து துடைக்கும் நாட்களில் கொஞ்சம், யாராவது வந்து "அட, வடிவாயிருக்கே, எங்க எடுத்தனீங்கள்?" என்று கேட்கும்போது அதிகம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தத் தட்டுக்கு முன்னால் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டார்.

போர் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் எதுவும் வருவதில்லை. வாழைத்தோலை எரித்த சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது என்று செல்வநாயகம் மாஸ்டர் சொல்ல, மத்தேயு சாம்பல் சேர்த்துக் கொடுத்தார். கொழும்புத் துண்டு எப்போதோ உடைந்துபோயிருந்தது. மறுபடி கிண்ணங்கள்தான் பள்ளிக்கூடம் போய் வந்தன. தன்னுடைய பதினொன்றில் ஒன்றைத்தான் கொண்டுபோவார். இஸ்ஸதீனுடையதை வெளியில் எடுப்பதில்லை.

1998 மார்கழியில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எறிகணைகள் விழத் தொடங்கியபோது புதுக்குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தார்கள். சைக்கிளில் அரிசியும் பாயும் கட்டியபிறகு ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருந்தது. மத்தேயு தன்னுடைய பதினொன்றையும் உமி நிரப்பிய பீப்பாய்க்குள் வைத்துக் கிணற்றடியில் புதைத்தார். இஸ்ஸதீனுடைய பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். மரியமலர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து தோண்டியபோது பதினொன்றும் முழுசாக இருந்தன. வழியில் கொண்டுபோனதில்தான் ஒரு கிண்ணத்தின் கால் உடைந்திருந்தது.

2001இல் மரியமலருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டவேண்டும் என்றார்கள். துணைக்கு எல்லை தாண்டிப் போக மத்தேயுவுக்கும் இயக்கத்தின் பாஸ் கிடைத்தது. முன்னர் போய் வந்த ஒருவர், தண்ணீரூற்று இஸ்ஸதீன் வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தார். மத்தேயு குடுவையையும் ஐந்து கிண்ணங்களையும் மரியமலரின் சேலைகளில் சுற்றினார். சோதனைச் சாவடியில் படையினன் ஒருவன் சேலையை அவிழ்த்து, ஒரு கிண்ணத்தைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். சிரித்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தான்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் மத்தேயு நெளுக்குளத்துக்கு பஸ் ஏறினார்.

இஸ்ஸதீன் தாடி நரைத்துப்போய் ஒரு சில்லைத் திருகிக்கொண்டிருந்தார். முதலில் அவருக்கு மத்தேயுவை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் எழுந்து கையைத் துடைத்துவிட்டுக் கட்டிப்பிடித்தார். றாபியா கதிரை கொண்டுவந்து வைத்தாள். மரியமலரின் சுகத்தை விசாரித்தார்கள். பிறகு மத்தேயு சேலையை அவிழ்த்தார்.

"வித்தவங்கள், நானா. நான்தான் வாங்கினனான். உங்களுக்காக எண்டு சொல்லித்தான் போனனான். ஆனா அது முழு உண்மையில்லை. ஒண்டு வழியில உடைஞ்சுபோச்சு."

இஸ்ஸதீன் கிண்ணங்களைத் தொடவில்லை. "நீதான் எடுத்திருப்பாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. மத்தேயுவுக்கு அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

றாபியாதான் கேட்டாள். "அந்த விக்கிற இடத்தில என்ர தையல் மெசினும் நிண்டதோ, தம்பி? அதை ஆர் எடுத்தது?"

மத்தேயு யோசித்தார். விற்பனை நடந்த கொட்டில் ஞாபகம் வந்தது. தகரப் பெட்டி ஞாபகம் வந்தது, குடுவையின் மூடியில் ஒட்டியிருந்த வைக்கோல்கூட ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. தேத்தண்ணீர் குடித்த நாளெல்லாம் காதில் கேட்ட மெசின் அது.

"நான் பாக்கேல்லை, அக்கா" என்றார்.

"இஞ்ச வந்து ஏழு வருசம் கையாலதான் தைச்சனான்" என்றாள் றாபியா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

போகும்போது இஸ்ஸதீன் சொன்னார்: "வைச்சிட்டுப் போ, மத்தேயு. வாப்பாவின்ர சாமான். நான் என்ன செய்வன் எண்டு கேளாதை."

ஊர் திரும்பியபின் மத்தேயு தையல் மெசினைத் தேடத் தொடங்கினார். பழைய கண்ணாடி தேடிப் பழகியவருக்கு எப்படி விசாரிப்பது என்று தெரியும். நேரே கேட்கக்கூடாது. வீட்டுச் சாமான் கதையிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு மாதம் எடுத்தது. மெசின் புதுக்குடியிருப்பில், கமலேஸ்வரி என்ற பெண்ணிடம் இருந்தது. புருஷன் எறிகணையில் செத்தபிறகு அந்த மெசினில்தான் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். அவளிடம் அதைக் கேட்கத்தான் மத்தேயு போனார். கொட்டிலுக்குள் பிள்ளைகளைக் கண்டதும் கேட்க வாய் வரவில்லை. ஆனால் யாருடைய மெசின் என்பதை மறைக்கவும் இல்லை.

கமலேஸ்வரி மெசினின் லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள்.

"உதுக்குள்ள கிடந்தது, அண்ணை. அந்த அக்காவின்ர அளவுக் கொப்பி. ஆக்களின்ர பேரும் சட்டை அளவும். மிச்சத் தாளில நானும் எழுதிப்போட்டன்."

முன்பாதி றாபியாவின் கையெழுத்து. பின்பாதி கமலேஸ்வரியுடையது. கமலேஸ்வரி கொப்பியை நடுவில் பிரித்து, நூலை அறுத்து, முன்பாதியைக் கொடுத்தாள். "மெசினைத் தரேலாது எண்டு சொல்லுங்கோ. மன்னிக்கச் சொல்லுங்கோ."

அந்தத் தாள்களோடு கமலேஸ்வரியின் கதையையும் எழுதி வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவரிடம் மத்தேயு கொடுத்தனுப்பினார். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. கண்ணாடியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மெசினைப் பற்றி, "அந்தப் பிள்ளை வைச்சுத் தைக்கட்டும்" என்று மட்டும் இருந்தது. மற்றபடி கடிதம் முழுவதும் பெயர்கள். கொப்பியிலிருந்து றாபியா ஒவ்வொன்றாக எடுத்து எழுதியிருந்தாள். அழகம்மா இருக்கிறாவோ? குமுழமுனைக்குக் கலியாணம் செய்துபோன இரஞ்சிதத்துக்கு எத்தனை பிள்ளைகள்? கடைசியாகத் தைத்த நீல நைலெக்ஸ் சட்டையை வாங்க வராமல் போன ஜெயரூபினி எங்கே? நாற்பத்திரண்டு பெயர்கள்.

அந்தக் கிழமையிலிருந்து மத்தேயு பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெயர்களைத் தேடிச் சைக்கிளில் புறப்பட்டார். மரியமலர், கழுத்துக் காயம் ஆறியிருந்ததால், பின்னால் ஏறிக்கொண்டாள். பெண்களின் கதையை அவளிடம்தான் பெண்கள் சொல்வார்கள். அழகம்மா உயிரோடு இருந்தார். கண் தெரியவில்லை, ஆனாலும் றாபியாவின் பெயரைச் சொன்னதும் மரியமலரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயரூபினி செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவளுடைய தாய் படலையடியில் நின்று, அந்தச் சட்டைக்கு என்ன கழுத்து வைத்தது என்று கேட்டு எழுதச் சொன்னாள். மத்தேயு சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதையும் தாளில் குறித்தார்.