பிந்தி வந்த பிள்ளை

முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கறுத்தப் பேட்டுக்கோழியை அறுக்கப் பெரியம்மா விடவில்லை. உப்புவெளியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவில் இருந்தன. உலக யுத்தத்துக்காகத் துறைமுகத்தில் பட்டாளம் வந்து குவிந்திருந்த காலம். இறைச்சி கிடைப்பதே அரிது. "இனி அது என்னத்துக்கு, அக்கா?" என்று அம்மா கேட்டார். "முட்டை நிண்டா உயிரும் நிக்கோணுமோ?" என்றார் பெரியம்மா. அவருக்கு நாற்பத்தைந்து வயது. பிள்ளையில்லை. அந்த மாதம் தீட்டும் வரவில்லை. கோழிக்காக மட்டும் அவர் அப்படிக் கேட்கவில்லை என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

பெரியப்பா நகரத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். சாப்பிடும்போதும் உயிர்களின் ஆயுளைப் பற்றியே கதைப்பார். பெண்ணுக்குக் கருமுட்டைகள் பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன, வயது போகப் போகக் குறையும் என்பார். எங்கள் கிணற்றில் கிடந்த ஆமை அவருடைய தகப்பன் விட்டது. சில ஆமைகள் எவ்வளவு வயதானாலும் முட்டையிடுவதை விடுவதில்லை என்று ஒருநாள் சொன்னார். "அப்ப நான் ஆமையாப் பிறந்திருக்கலாம்" என்று பெரியம்மா சிரித்தார். அதன்பின் அவர் முன்னால் பெரியப்பா அந்தக் கதையை எடுக்கவில்லை.

துறைமுகத்தில் குண்டு விழுந்த காலையில் ஊரே வெளிக்கிட்டது. நாங்கள் வள்ளமேறி மூதூரில் இறங்கி, மாட்டு வண்டியில் ஈச்சிலம்பற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். வள்ளத்தில் தொடங்கிய பெரியம்மாவின் குமட்டலும் சத்தியும் அங்கே போயும் நிற்கவில்லை. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை தங்கியிருக்கு" என்றார். பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "இந்த வயசிலயோ? சனம் சிரிக்கும்."

பயந்தவர் பெரியப்பாதான். அந்த வயதுப் பிரசவத்தில் என்னென்ன நேரலாம் என்று படித்தவர் அவர். ஓயாமல் கதைக்கும் மனிதர் வாயடைத்துப் போனார். சோறு இறங்கவில்லை. அதைக் கண்டதும் பெரியம்மாவின் வெட்கம் எங்கோ போய்விட்டது. "இஞ்சருங்கோ, நீங்கள் படிச்சது எல்லாப் பொம்பிளையளுக்கும் பொதுவானது. நான் ஒருத்திதானே. என்னைப் பாத்துக் கதையுங்கோ" என்றார்.

மாரி மழை பிடித்து, ஆறு பெருகி, பாதை மூடிக் கிடந்தபோது பெரியம்மாவுக்குப் பிரசவ நோக்காடு கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாது. வெந்நீர் அடுப்பு அணையாமல் ஈர விறகை ஊதி ஊதிப் பெரியப்பாவின் கண் சிவந்திருந்தது. மத்தியானம் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம். பிள்ளையை வாங்கிய கையோடு அவர் அழுத அழுகைக்குப் புகையைக் குற்றம் சொன்னார்; ஒருவரும் நம்பவில்லை.

அன்றைய பெரியம்மாவின் வயதை நான் கடந்து வெகுகாலமாகிவிட்டது. வயது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, யுத்தம் முடிந்து தங்கச்சியைப் பள்ளியில் சேர்க்கப் போன காலைதான். "பேத்தியோ?" என்று ஆசிரியை கேட்டார். பெரியப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நரைத்த கொண்டையைச் சரிசெய்தபடி பெரியம்மா முந்திக்கொண்டார்.

"இல்லை, என்ர மகள். கொஞ்சம் பிந்தி வந்தவள். வடிவாப் படிப்பிச்சு விடுங்கோ."