க்ளையன்ட் அம்மாவுக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம்

எங்கள் குழுவில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். அதனால் எனக்குச் சமைக்கத் தெரியும் என்று எங்கள் மேனேஜர் முடிவு செய்திருந்தார். இதைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி புரியாமல் திகைத்து நின்றுவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயம் அது. அந்தப் பயத்தில்தான் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்களுக்கெல்லாம் சம்பளம் வந்தது. இங்கிலாந்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அவர்களுடைய பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்த இடங்களைத் தேடிப்பிடித்து நான்கு இலக்கமாக்கித் தருவது எங்கள் வேலை. நான் குடியாத்தத்திலிருந்து வந்து ஆஸ்டின் டவுனில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் போடுவதுதான் சாப்பாடு. என் சமையல் அனுபவம் வெந்நீரில் நூடுல்ஸைப் போட்டு மூடி வைப்பதோடு சரி. அந்த வெந்நீரையும் மெஸ்காரர்தான் கொடுத்தார்.

இங்கிலாந்திலிருந்து எங்களுக்கு மெயில் எழுதுகிறவர் ஒரு பெண்மணி. அலுவலகத்தில் எல்லோரும் அவரை க்ளையன்ட் அம்மா என்றுதான் சொல்வோம். செப்டம்பர் மாதம் ஒருமுறை அவருடைய பதில் தாமதமாக வந்தது. சனி, ஞாயிறு முழுக்க வீட்டில் பெர்ரி ஜாம் போட்டதாகவும், ஜாமை உறைய வைக்கிற பெக்டின் பொடி சேர்க்காததால் அது உறையவே மாட்டேன் என்றதாகவும், திங்கட்கிழமையும் அதைக் கிளறிக்கொண்டே இருந்ததாகவும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். நாங்கள் படித்துவிட்டு மறந்துபோனோம். மேனேஜர் மறக்கவில்லை. பிப்ரவரியில் க்ளையன்ட் அம்மா நேரிலேயே பெங்களூர் வருகிறார் என்று தெரிந்ததும் மீட்டிங் போட்டார்.

"எல்லாக் கம்பெனியிலயும் சந்தன யானை கொடுப்பாங்க, பொன்னாடை போத்துவாங்க. நாம வித்தியாசமா பண்ணணும். அவங்களுக்கு என்ன பிடிக்கும்? ஜாம். பெக்டின் இல்லாம வீட்டுல போட்ட பெர்ரி ஜாம். நம்ம டீமே போட்டுக் கொடுத்தா எப்படி இருக்கும்?"

டீம் என்று சொல்லும்போது அவர் என்னை மட்டும் பார்த்தார். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது சார்."

"இது சமையலே இல்லம்மா. பழம், சர்க்கரை, எலுமிச்சம்பழம். மூணே மாட்யூல். வீட்டுல அம்மாவைக் கேட்டா சொல்லப்போறாங்க."

எந்த பெர்ரி என்பதில் பேச்சு நீண்டது. நெல்லிக்காயும் ஒரு பெர்ரிதான் என்றார் ஒருவர். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த இன்னொருவர், தாவரவியல்படி ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே கிடையாது என்றும், கத்தரிக்காய்தான் பெர்ரி என்றும் சொன்னார். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கத்தரிக்காய்ல ஜாம் வருமா?" என்று நிஜமாகவே கேட்டார். கடைசியில் தாவரவியல் தோற்று, ஸ்ட்ராபெர்ரி என்று முடிவானது.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஜாமா? ரொட்டிக்குத் தடவுறதா?" என்றார் அம்மா. "நமக்கு ஜுரம் வந்தாத்தானே ரொட்டியே வாங்குவோம். அதை ஏன்டி நீ செய்யணும்? அந்த வேலைக்கா உன்னை எடுத்தாங்க?"

இந்தக் கேள்வியை மேனேஜரிடம் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியவர் எனக்கு அடுத்த சீட்டில் இருந்த ஆரணிக்காரர். அதிகம் பேசமாட்டார். ஈஜிபுராவில் ஐந்து பேரோடு சேர்ந்து ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த வீட்டில் சமையல் அவருடையது. அவர் வைக்கும் சாம்பாருக்காகவே அந்த வீட்டை யாரும் காலி செய்வதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. சேந்து போட்டுடலாம்" என்றார் மெதுவாக. "ஆனா நான் போட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, அப்புறம் எல்லாப் பார்ட்டிக்கும் என்னையே கரண்டி பிடிக்கச் சொல்லுவாங்க."

பெண்ணாக இருப்பதால் என் தலையில் விழுந்ததை, ஆணாக இருப்பதால் அவர் மறைத்துக்கொள்ள முடிந்தது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. உதவிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜான்சன் மார்க்கெட்டில் ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டு ஈஜிபுரா போனேன். மாடிப்படியில் ஏறுவதற்குள் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா வெளியே வந்துவிட்டார். மூன்று தலைமுறையாக பெங்களூர்க்காரர்கள். அவருடைய தமிழில் கன்னடம் தன் பாட்டுக்கு வந்து போகும்.

"யாரும்மா நீ? பசங்க மட்டும் இருக்கற வூட்டுக்கு எதுக்குப் போற?"

"ஆபீஸ் வேலைங்க. ஜாம் போடணும்."

"ஹௌதா?" என்றார். அதில் ஒரு பொட்டு நம்பிக்கை இல்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே மாடிக்கு வந்து, சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க செய்யிங்க. நான் சும்னே உக்காந்திருக்கேன்."

மற்ற ஐந்து பேரும் அடக்கமாகச் சினிமாவுக்குப் போய்விட்டார்கள்.

பழப் பெட்டியைப் பிரித்தால் மேல் வரிசை மட்டும்தான் சிவப்பு. அடியில் இருந்ததெல்லாம் பாதி வெள்ளை, மீதி நசுங்கல். நசுங்கியதையும் வெள்ளையையும் தூக்கிப் போட்டுவிட்டு, நன்றாகப் பழுத்ததை மட்டும் கழுவி, காம்பு கிள்ளி, நறுக்கி, சர்க்கரை கொட்டி அடுப்பில் வைத்தோம். இன்டர்நெட்டிலிருந்து நான் பிரின்ட் எடுத்து வந்த காகிதத்தில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. இருபது நிமிடம் வைத்தோம். இறக்கி ஆறவிட்டுப் பார்த்தால், அழகான சிவப்பில் தண்ணீர். கரண்டியில் எடுத்தால் கரண்டியில் நிற்கவில்லை. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஷர்பத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, சாயங்காலம் வரவிருந்த விருந்தாளிகளுக்கு ஐஸ் போட்டுக் கொடுக்க அதை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு ஆரணிக்காரர் காகிதத்தை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டார். "பாகு பதம்தாங்க எல்லாம். எங்க வீட்டுல அதிரசத்துக்கு நான் பாத்திருக்கேன்." பாகை விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கம்பி இழுக்கிறவரை விடாமல் காய்ச்சினார். வீடெல்லாம் மணந்தது. ஆறியதும் கரண்டியைத் தூக்கினார். பாத்திரமும் கூடவே வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தை நான் பார்த்ததே இல்லை. புரோகிராம் ஊற்றிக்கொண்டபோதுகூட அவர் அப்படி இருந்ததில்லை. வீட்டுக்கார அம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு, கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். மறுநாள் பல் டாக்டரிடம் போனதாக அறிந்தோம்.

க்ளையன்ட் அம்மா வருவதற்கு முந்தைய ஞாயிறு மூன்றாவது முயற்சி. அந்த முறை கடைக்காரர் கொடுத்த பெட்டியில் பாதிக்கு மேல் செங்காய். திரும்பிப் போக நேரமில்லை. அழுகியதை மட்டும் எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் போட்டோம். அதிகம் பழுக்காத பழத்தில்தான் உறைய வைக்கும் சத்து கூடுதல் என்று வெகுகாலம் கழித்து எங்கோ படித்தேன். அன்று எங்களைக் காப்பாற்றியது கடைக்காரரின் ஏமாற்று வேலைதான். எலுமிச்சைச் சாறும் தாராளமாகப் பிழிந்தோம். ஒரு துளியைச் சில்லென்ற தட்டில் விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும் என்று அந்தக் காகிதத்தின் கடைசி வரியில் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். மாடியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வீட்டுக்கார அம்மா தன் ஃப்ரிட்ஜில் சில்வர் தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினார். காவலுக்கு வந்தவர், அதை மறந்தே போனார். ஒரு தட்டில் ஓடியது. அடுத்ததில் கொஞ்சம் தயங்கியது. அதற்கும் அடுத்ததில், விரல் பட்டதும் பாலாடை மாதிரி சுருங்கியது.

"சாக்கு, சாக்கு! போதும், எறக்கு!" என்று கத்தினார் அந்த அம்மா. நான் துணியைத் தேடுவதற்குள் ஆரணிக்காரர் வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கிவிட்டார். விரல்களை உதறிக்கொண்டே சிரித்தார். நாங்கள் மூவரும், பழுது பார்த்த புரோகிராம் முதல் தடவை ஓடியதைப் பார்த்தவர்கள் மாதிரி நின்றோம்.

திங்கட்கிழமை பாட்டில்களை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் உடனே குவாலிட்டி டிபார்ட்மென்ட்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒரு ஸ்பூன் சாப்பிட்டார்.

"டேஸ்ட் ஓகே. அடுத்த தடவையும் இதே மாதிரி வருமா?"

"தெரியாது சார். மூணாவது தடவைதான் வந்தது."

"அப்ப இது குவாலிட்டி இல்ல, லக்கு" என்றார். "நல்லா இருக்கறது முக்கியமில்லம்மா. ஒரே மாதிரி இருக்கணும்." இன்னொரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு போனார்.

க்ளையன்ட் அம்மா வந்தார். உயரமாக, களைப்பாக இருந்தார். ரோஜா மாலை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்ததும் மேனேஜர் ரிப்பன் கட்டிய பாட்டிலை அவர் கையில் கொடுத்து ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பெக்டின் என்ற சொல் அதில் நாலைந்து தடவை வந்தது. க்ளையன்ட் அம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்து, யார் செய்தது என்று கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆரணிக்காரரும் பலமாகக் கைதட்டினார், சுட்ட விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு.

மத்தியானம் கை கழுவும் இடத்தில் க்ளையன்ட் அம்மா என்னிடம் வந்து, இதை நான் ஆசைப்பட்டுச் செய்தேனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை, சொன்னார்கள், செய்தேன் என்றேன். அதிலும் நான் சர்க்கரை கொட்டியதோடு சரி, போட்டது வேறொருவர் என்றேன். அவர் சிரித்தார். தனக்கு ஜாமே பிடிக்காது என்றார். வருஷா வருஷம் மாமியார் வந்து கூடை கூடையாகப் பழம் பறித்துக் கொட்டுவாராம். கடைப் பொடி சேர்த்தால் அது ஜாமே இல்லையாம். மாமியாரின் மகன்கள் இருவரும் ஃபுட்பால் பார்ப்பார்களாம்; மருமகள் அடுப்படியில் நிற்க வேண்டுமாம்.

"நீங்க ஏன் செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"நீ ஏன் செய்தாய்?" என்றார்.

இரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டோம். அதன் பிறகு அவர், ரெண்டாயிரம் லீப் வருஷம் என்பதை விட்டுவிட்ட ஒரு புரோகிராமைத் திருத்தியது யார் என்று விசாரித்தார். அது நான்தான். டெஸ்டிங் சமயத்தில் நான் அங்கே வந்து உட்கார்ந்தால் வசதியாக இருக்கும் என்றார். அன்று நாங்கள் பேசியதில் பெரும்பகுதி பிப்ரவரி இருபத்தொன்பதைப் பற்றித்தான்.

மார்ச்சில் அப்ரைசல். மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நல்ல டீம் ஸ்பிரிட் உனக்கு. ஆனா டெக்னிக்கல் சைடுல இன்னும் கான்சென்ட்ரேட் பண்ணணும்மா. போன மாசம் பூரா ஜாம் ஜாம்னே இருந்துட்ட."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஆஸ்டின் டவுன் வந்து சேருகிறவரை, சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாமே நன்றாக இருந்தன.

அடுத்த மாதம் இங்கிலாந்திலிருந்து என்னை அங்கே அனுப்பச் சொல்லி மெயில் வந்தது. லீப் வருஷத்தைப் பற்றியும் அதில் எழுதியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. ஜாம் கொடுத்து ஆன்சைட் வாங்கிவிட்டாள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. வழியனுப்ப கேக் வெட்டியபோது ஒருவர், "நமக்கும் ஜாம் போடத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் லண்டன்ல இருப்போம்" என்று பெருமூச்சு விட்டார். அப்போது யாரும் எதிர்பாராமல் ஆரணிக்காரர் எழுந்தார். காது சிவந்திருந்தது.

"அந்த ஜாமை நான்தாங்க போட்டேன். இவங்க போட்டது லீப் இயர் லாஜிக்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "பார்றா, எப்படி விட்டுக் கொடுக்காம பேசறாரு!" என்றார் ஒருவர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் அலுவலகம் முடிவுகட்டிவிட்டது. அவருக்கு ஆரணியில் மாமன் மகள் நிச்சயமாகியிருந்தது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்தும் பேசினார்கள்.

இங்கிலாந்தில் நான் இருந்தபோது அவருக்குக் கல்யாணம் நடந்தது. போக முடியவில்லை. மற்ற ஐந்து பேரும் காலி செய்துகொண்டு போக, ஈஜிபுரா மாடி வீட்டிலேயே அவர் குடித்தனம் வைத்தார். அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழ்த்துச் சொல்ல அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். புது மனைவிதான் எடுத்தார். நலம் விசாரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இவருக்குச் சமைக்கத் தெரியும்னு கீழ் வீட்டம்மா சொல்றாங்க. இவரைக் கேட்டா, வெந்நீர்கூட வெக்கத் தெரியாதுங்கறாரு. கல்யாணம் ஆனதுலருந்து அடுப்படிப் பக்கமே வரல. எது நிஜம்?"

"ஆறு பேருக்குச் சமைச்சுப் போட்டவரும்மா அவரு" என்றேன். "சாம்பாரு அவரை மாதிரி யாரும் வெக்க முடியாது. அவர் அடுப்படியில நிக்கறதை நான் நேர்ல பாத்தவ."

மறுமுனையில் "இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"ஏங்க, ஏங்க சொன்னீங்க?" என்றார் ஆரணிக்காரர், பரிதாபமாக.

அன்று ராத்திரியே அவர் வீட்டில் சாம்பார் அவர் கைக்கு மாறிவிட்டது என்று அந்தப் பெண் அடுத்த தடவை பேசியபோது சொன்னார்.