டூட்டிக்குப் போனவன் பங்கு

கடலூர் செம்மண்டலத்தில் லியாக்கத் அலியின் வீட்டில் பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்று உண்டு. விளிம்பில் தங்கக் கோடு ஓடும். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும். மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு அவர் ஊரோடு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. இன்னமும் அவருக்கு டீ அந்தக் கோப்பையில்தான் வருகிறது, மேலே மூடியும் கீழே சாசருமாக. வீட்டு ஆட்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் அடுப்படியில் கவிழ்ந்து கிடக்கும். அந்தப் பக்கம் அவர் தலை தெரிந்தாலே மனைவி சர்புன்னிசா பதறிவிடுவாள்.

"என்னங்க வேணும்? சொன்னா கொண்டாந்து தர மாட்டேனா? போயி ஃபேனுக்கடியில உக்காருங்க."

அவரும் போய் உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து லீவில் வந்து போனவர். லீவில் வந்தவரை யார் வேலை வாங்குவார்கள்? சொந்த வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று தெரியாமலே காலம் ஓடியிருந்தது.

மகன் அசாருதீனுக்குச் சிதம்பரத்தில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்தபோதுதான் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. விடிந்ததும் வயலில் வகுப்பு. கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் நிற்பது பெரும்பாடு. கூடச் சேர்ந்திருந்த இளவரசும் சித்தார்த்தும் மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையைப் பார்த்து வைத்திருந்தார்கள். சமைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

"ரூமா?" என்றாள் சர்புன்னிசா. "அவிச்ச முட்டைய உரிச்சுக் குடுத்தாத்தான் துரை திம்பாரு. துவைக்கிற சோப்பு எது, குளிக்கிற சோப்பு எதுன்னு தெரியாது. தெனம் பஸ்ல போயிட்டு வா."

"காலையில ஆறு மணிக்கு வயல்ல நிக்கணும்மா."

"அப்ப நாலு மணிக்கு எந்திரி."

"இவனா? நாலு மணிக்கா?" தங்கை ஹஃப்சா வாயைப் பொத்திக்கொண்டாள். "இவன எழுப்புறதுக்கே தனியா ஒரு ஆளு போடணும்."

"நான் கத்துக்குடுக்குறேன்" என்றார் லியாக்கத் அலி.

மூன்று பேரும் சிரித்தார்கள், அசாருதீன் உட்பட. அத்தா தானாகத் தண்ணீர் மோந்து குடித்துக்கூட அங்கே எவரும் பார்த்ததில்லை.

சர்புன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "சரி. மாசக் கடைசி ஞாயித்துக்கெழம அன்வர் சாப்பிட வர்றான். அன்னிக்குப் பகல் சோறு இவன் ஆக்கட்டும். யாரும் கிட்டப் போயி நிக்கக் கூடாது. ஒழுங்கா ஆக்குனா ரூம். இல்லாட்டி பஸ்."

அன்வர் அவளுடைய தம்பி. லால்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவன். அவன் வாயில் குறை கேட்காமல் தப்பிய சமையல் இதுவரை இல்லை.

அடுப்படியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பாடம் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் நடந்தது. ஒரு சின்ன சிலிண்டர், ஒற்றை அடுப்பு, இரண்டு வாளி.

மாடியில் லியாக்கத் அலி வேறு ஆளாக இருந்தார். மஸ்கட் அறையில் அடுக்குக் கட்டில்களில் பன்னிரண்டு பேர். தினம் ஒருவர் முறை. அங்கே பழகியதெல்லாம் கையில் அப்படியே இருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வெங்காயம் நறுக்கினால் கத்தி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"காலர முதல்ல தேய் தம்பி. ஊறவெச்சிட்டு மறந்துட்டா நாத்தம் புடிச்சிரும்."

"சரித்தா."

"ஈரத் துண்டக் கட்டில்ல போட்டா எங்க ரூம்ல கொலக் கேசு. மீன் வாங்கப் போனா கண்ண மட்டும் பாத்து ஏமாறாத, செவுளத் தூக்கிப் பாரு."

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன் அத்தா சும்மாவே உக்காந்திருக்கீங்க?"

லியாக்கத் அலி வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது வெயிலில் ஓடி, வடிகுழாயைத் தேடிப் போனது. "உங்கம்மா விட்டாத்தானடா?" என்றார்.

எல்லாவற்றையும்விட ஒரு விதியில் அவர் கண்டிப்பாக இருந்தார். அடுப்பை அணைத்ததும் முதல் வேலை, டூட்டிக்குப் போனவன் பங்கை எடுத்து மூடி வைப்பது. "நல்ல துண்டாப் பாத்து எடு. எல்லாரும் உக்காந்த பொறவு எடுத்தா அது மிச்சம். அதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் பங்கு."

மாடி அடுப்பில் பானை ஏறாது என்பதால் சோறு மட்டும் வாய்ப்பாடமாகவே போயிற்று. மஸ்கட்டிலிருந்து பெட்டியோடு வந்திருந்த பால்பவுடர் டின்னை மகன் கையில் கொடுத்தார். "இதால நாலு. தலை தட்டி அள. கண்ண மூடிக்கிட்டு ஆக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தகப்பனும் மகனும் தேவனாம்பட்டினம் கரைக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தார்கள். அசாருதீன் ஒவ்வொரு செவுளையும் தூக்கிப் பார்த்ததில் மீன்காரம்மா கடுப்பாகி, "பொண்ணா பாக்க வந்த?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு அவன் அடுப்படிக்குள் தனியாகப் போனான். லியாக்கத் அலி கோப்பையோடு கூடத்தில் உட்கார்ந்தார். எதிரே சர்புன்னிசா, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு. மீன் குழம்பின், அவர்கள் சொல்லில் ஆணத்தின், வாசம் கூடத்துக்கு வந்தபோது அவள் புருவம் லேசாக உயர்ந்தது. அவருக்கு உள்ளே குளுகுளுவென்று ஒரு மின்விசிறி சுழன்றது.

அப்போதுதான் குரல் வந்தது. "அத்தா! சோறு மேல வருது!"

"பெரிய பானைக்கு மாத்து!"

"இதுதான் அத்தா பெரிய பானை!"

சர்புன்னிசா தன் சட்டத்தைத் தானே மறந்து உள்ளே ஓடினாள். மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்க, சோறு வழிந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவுடா போட்ட?"

"அத்தா சொன்னதுதான். டின்னால நாலு."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அன்வர் எட்டிப் பார்த்தான். "யாருக்கு நிக்காஹ் மச்சான்? நமக்குப் பத்திரிகை வரலியே?"

லியாக்கத் அலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கை அறிந்ததெல்லாம் மஸ்கட் அறையின் பன்னிரண்டு பேர் பசி ஒன்றுதான். இந்த வீட்டுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"பஸ்தான்" என்றாள் சர்புன்னிசா. அசாருதீன் கரண்டியைக் கீழே வைத்தான்.

சோறு தெருவுக்குப் போயிற்று. ஹஃப்சா டிபன் கேரியரோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் திரும்பி வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இன்று சமைக்காவிட்டாலும் சர்புன்னிசா பழக்கத்தில் நின்று பரிமாறினாள். அன்வர் குறை சொல்ல மறந்து மீனை மூன்றாவது தடவையும் வாங்கிக்கொண்டான்.

எல்லோரும் எழுந்த பிறகு அவள் ஆணச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு மீன் தலையும் முள்ளும் கிடந்தன. எப்போதும்போல அதையே தட்டில் போடப் போனாள்.

"அம்மா, அது வேணாம்."

அசாருதீன் மேல்தட்டிலிருந்து மூடிய தட்டு ஒன்றை இறக்கினான். சோறு, ஓரமாக ஆணம், நடுத்துண்டு மீன் இரண்டு.

"இது யாருக்குடா?"

"டூட்டில இருக்கறவங்களுக்கு. நீ கடைசியாத்தானே சாப்பிடுவ. அடுப்ப அமத்தினதுமே எடுத்து வெச்சிட்டேன்."

"நான் எந்த டூட்டிக்குப் போனேன்?"

"லீவே போடாத ஆளு நீதாம்மா" என்றாள் ஹஃப்சா, கேரியரைக் கழுவிக்கொண்டே.

சர்புன்னிசா தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். இன்னொரு வாய் தின்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"அங்க உங்களுக்கும் இப்படி எடுத்து வெப்பாங்களா?"

"ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா என் தட்டு மூடியிருக்கும். யாரு முறையா இருந்தாலும்."

"இத ஒரு தடவ போன்ல சொல்லியிருக்கலாம்ல? பட்டினியாக் கெடந்தீங்களோன்னு நெனச்சு நெனச்சு..." பாதியில் நிறுத்திவிட்டு மீனைப் பிட்டாள். அந்தக் கோப்பையும் மூடியும் எதற்காக என்று லியாக்கத் அலிக்கு அப்போதுதான் புரிந்தது.

தட்டு காலியானதும் அவள் எழுந்து, அரிசிப் பானைக்குள்ளிருந்து தான் அளக்கிற ஆழாக்கை எடுத்து மகனிடம் நீட்டினாள். "அத்தா டின்னு இங்கயே கெடக்கட்டும். இத எடுத்துட்டுப் போ. ஆளுக்கு ஒண்ணு, போதும்."

"எங்கம்மா எடுத்துட்டுப் போறது?"

"ரூமுக்குத்தான். பஸ்ஸுக்கு எதுக்குடா ஆழாக்கு?"

அடுத்த வாரம் சிதம்பரத்தில் அவனை விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை லியாக்கத் அலி வழக்கம்போல ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார். கோப்பை வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல்தான் வந்தது.

"என்னங்க, இங்க வாங்க."

போனார். மேடையில் அடி நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில் டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூடி இல்லை, சாசர் இல்லை. பக்கத்தில் கத்தியும் வெங்காயமும்.

"குடிச்சிட்டு நறுக்குங்க. மூணு பேருக்கு. பன்னெண்டு பேருக்கு இல்ல."

டம்ளர் நன்றாகச் சுட்டது. லுங்கி முனையால் பிடித்துக்கொண்டு அவர் நின்றபடியே குடித்தார்.